பத்துப் பத்தாய் நடந்த வானொலி



வீட்டில் ஒரு பொருள் பழுதாகிவிட்டால் அதைச் செப்பனிட்டுக் கொள்ளலாம். ஆனால் பொருளின் குறையை வீட்டிலுள்ள மனிதர் ஒருவர்மீது சுமத்திவிட்டால், அதைச் செப்பனிடுவது அத்துணை எளிதன்று. இம்மாதம் நாம் எழுத எடுத்துக்கொண்டது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வானொலிப் பெட்டியைப் பற்றியது. அதில் ஒரே ஓர் எண் மாறியிருந்தமையால் ஒரு முதியவர் ஒரு மாத காலம் வாய்மூடி இருக்க நேர்ந்தது.

2014-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஆம்பூரில் நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். வீட்டுப் பெரியவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. இளமையில் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் ஊறும் குழிகளில் இறங்கி வேலை செய்தவர். 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்ததும், நம் பகுதியில் முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணிகளும் செய்யும் தொழில் வளர்ந்தது அல்லவா? அப்போது அவரும் ஷூ கம்பெனிக்கு மாறி, லாஸ்டிங் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றார்.

அவரிடம் ஒரு பழைய வானொலிப் பெட்டி இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் முள் நகரும் பெட்டி. அதன் முதுகில், மறைந்துபோன அவருடைய மனைவியார் தம் கையால் எழுதி ஒட்டிய ஒரு சீட்டும் இருந்தது. சென்னை 720, திருச்சி 936, பெங்களூர் 612, புதுவை 1215 என்று நான்கு வரிகள். அந்த அம்மையார் திருச்சிப் பக்கம் பிறந்தவர். இரவு உணவு முடிந்ததும் திருச்சி நிலையத்தை மெல்லிய ஒலியில் வைத்துக் கேட்பது இருவருக்கும் வழக்கமாயிருந்தது. அம்மையார் மறைந்த பிறகும் பெரியவர் அவ்வழக்கத்தை விடவில்லை.

அந்தப் பெட்டி ஒருநாள் அடியோடு ஓய்ந்துவிட்டது. உதிரிப் பாகம் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் பணிபுரியும் இளைய மகன் செய்தியறிந்து, எண்கள் ஒளிரும் புதிய சிறு பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பினார். இங்கேதான் தொல்லை தொடங்கியது.

புதிய பெட்டியில் சென்னை 720 கணீரென்று வந்தது. விடியற்காலையில் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து சிற்றலையில் வரும் வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியும் தெளிவாகக் கேட்டது. திருச்சி மட்டும் வரவில்லை. இரைச்சலுக்கு நடுவே யாரோ சுவருக்கு அப்பால் பேசுவதுபோல் ஒரு கரகரப்பு மட்டுமே வந்தது. புதுவையும் வரவில்லை, பெங்களூரும் சரியில்லை.

“இங்கே திருச்சி இருக்க வேண்டும், காணோம்” என்று பெரியவர் இரவுதோறும் சொல்லலானார். மூத்த மகன் பெட்டியை வாங்கிச் சோதித்தார். “அப்பா, சென்னை வருகிறது. கடல் கடந்து வேரித்தாஸ் வருகிறது. திருச்சி மட்டும் வராது என்றால் பெட்டியில் எப்படிக் குறை இருக்கும்?” என்றார். கேட்பதற்கு நியாயமான வாதம்தான். பெட்டி நன்றாக இருக்கிறதென்றால் குறை வேறெங்கோ இருக்க வேண்டும். முதலில், திருச்சி நிலையமே ஒலிபரப்பை நிறுத்தியிருக்கும் என்றனர். பிறகு, பெரியவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்றனர். வேலூருக்கு அழைத்துச் சென்று செவிப் பரிசோதனையும் செய்வித்தனர். வயதுக்கு ஏற்ற அளவில் காது நன்றாகவே இருந்தது. அதன் பின்பே அந்தச் சொல் வீட்டுக்குள் நுழைந்தது. நினைவு தடுமாறுகிறது என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டனர். தாழ்ந்த குரல்தான், ஆயினும் நல்ல காதாயிற்றே! அது பெரியவரின் செவியில் விழுந்துவிட்டது. அன்று முதல் அவர் பெட்டியைத் தொடவில்லை. திருச்சி என்ற பேச்சையும் எடுக்கவில்லை. மாலைச் செபத்தில் மட்டும் அவர் குரல் கேட்கும் என்று மருமகள் நம்மிடம் சொன்னார்.

நாம் சென்றிருந்த அன்று பேரப் பிள்ளையும் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தான். பொறியியல் பயில்பவன், தேர்வெழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவன். மற்றவர்கள் செய்யாத ஒன்றை அவன் செய்தான். தாத்தாவின் அருகில் அமர்ந்து, “தாத்தா, நீங்களே தேடிக் காட்டுங்கள்; நான் பார்க்கிறேன்” என்றான். பெரியவர் தயங்கித் தயங்கிப் பொத்தானை அழுத்தினார். 910, 920, 930, 940 என்று எண்கள் தாவின. அவர் நிறுத்தினார். மனைவியின் சீட்டை எடுத்து வந்து பெட்டியின் அருகில் வைத்தார். “திருச்சி 936. இது 930-லிருந்து 940-க்குப் போய்விடுகிறதே. நடுவில் நிற்கவே இல்லையே?” என்றார்.

ஒரு கணம் மௌனம். பிறகு பெரியவரே தொடர்ந்தார். “இது சைஸ் கணக்குத் தம்பி. பிரெஞ்சு சைஸ் லாஸ்டில் இங்கிலீஷ் சைஸ் மேல்தோலை இழுத்தால் எப்படி உட்காரும்? ஏதோ ஒன்றிரண்டு சைஸ் தற்செயலாகப் பொருந்தும். மற்றதெல்லாம் முண்டும், சுருங்கும்.”

நாற்பது ஆண்டுத் தொழில் அனுபவம் ஒரே வாக்கியத்தில் விடை சொல்லிவிட்டது. வாசகர்கள் அனைவரும் காலணித் தொழிலில் இருப்பவர் அல்லர். ஆதலால் சிறிது விளக்குவோம்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் காலணியின் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது ஏறக்குறைய 6.67 மில்லிமீட்டர். ஆங்கில முறையில் அது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 8.47 மில்லிமீட்டர். இரண்டும் படிக்கட்டுகள்தாம். ஆனால் படியின் உயரம் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எப்போதோ ஓரிடத்தில் படிகள் நேருக்கு நேர் வரும். மற்ற இடங்களிலெல்லாம் ஒன்றின் படி மற்றொன்றின் நடுவே நிற்கும்.

வானொலி நிலையங்களும் இவ்வாறே படிகளில் நிற்கின்றன. ஒரு நிலையத்தின் குரல் மற்றொன்றின்மேல் விழாதபடி நாடுகள் கூடிப் பேசி இடைவெளி வகுத்துள்ளன. 1975-இல் ஜெனீவாவில் முடிவான உடன்பாட்டின்படி, 1978 நவம்பர் 23 முதல் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தன. அமெரிக்கக் கண்டத்து நாடுகள் இதில் சேரவில்லை. அங்கும் 9-க்கு மாறலாமா என்று பேச்சு எழுந்து, 1981-இல் ரியோ டி ஜெனீரோவில் கூடிய மாநாட்டில் பழைய 10 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியே நீடிக்கும் என்று முடிவாயிற்று. ஆகவே அமெரிக்கக் கடையில் வாங்கிய பெட்டி பத்துப் பத்தாய் நடக்கிறது. நம் நிலையங்களோ ஒன்பது ஒன்பதாய் நிற்கின்றன.

குடும்பத்தினர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் படிக்கட்டு 531-இல் தொடங்கும். 531-லிருந்து 9 ஒன்பதுகள் ஏறினால் பெங்களூருக்கு உரிய 612. 21 ஒன்பதுகள் ஏறினால் சென்னைக்கு உரிய 720. 45 ஏறினால் திருச்சிக்கு உரிய 936. 76 ஏறினால் புதுவைக்கு உரிய 1215. அமெரிக்கப் படிக்கட்டோ 530, 540, 550 என்று போகும். இதில் 612 இல்லை. 2 தள்ளி 610 இருக்கிறது. 936 இல்லை, 4 தள்ளி 940 இருக்கிறது. 1215 இல்லவே இல்லை. 1210-க்கும் 1220-க்கும் நட்டநடுவே அது நிற்கிறது. ஆனால் 720 மட்டும் இரண்டு படிக்கட்டுகளிலும் உண்டு! ஒன்பதாலும் வகுபடும், பத்தாலும் வகுபடும் எண் அது. 90-இன் மடங்காகிய 540, 630, 720, 810 முதலிய இடங்களில் மட்டுமே இரண்டு படிகளும் சந்திக்கும்.

வேரித்தாஸ் எப்படி வந்தது என்பீர்கள். சிற்றலை நிலையங்கள் பெரும்பாலும் உலகெங்கும் 5 கிலோ ஹெர்ட்ஸ் படியில் நிற்பவை. அங்கே அமெரிக்கப் பெட்டிக்கும் நம் பெட்டிக்கும் வேற்றுமை இல்லை. (அந்த வேரித்தாஸ் சிற்றலை ஒலிபரப்பு 2018-இல் நின்றுபோய், அதன் பணி இணையத்துக்கு மாறியது நம்மில் பலர் அறிந்ததே.)

இப்போது அந்த வீட்டார் எங்கே ஏமாந்தனர் என்பது விளங்கும். பெட்டி முற்றிலும் பேசாமல் இருந்திருந்தால் பெட்டியைச் சந்தேகித்திருப்பார்கள். சென்னை கணீரென்று வந்ததுதான் அவர்களைத் தவறான வழியில் இட்டுச் சென்றது. தற்செயலாகப் பொருந்திய ஒன்றைக் கொண்டு மற்றவை அனைத்தையும் அளந்துவிட்டார்கள்.

பழைய பெட்டியில் இந்தச் சிக்கல் எழவில்லை. முள் சரிவுப் பாதையில் உருளும் சக்கரம் போன்றது. எந்த இடத்திலும் நிற்கும். 936-க்குச் சற்று முன்னோ பின்னோ நின்றாலும், கை சிறிது திருகினால் குரல் தெளிந்துவிடும். எண் பெட்டியோ படிக்கட்டில் ஏறுவது. இரண்டு படிகளுக்கு நடுவே அதற்குக் கால் வைக்க இடமில்லை.

மாற்றும் வழி எளிது. சில பெட்டிகளில் முதுகுப்புறத்திலோ மின்கலம் வைக்கும் அறைக்குள்ளோ 9, 10 என்று குறித்த சிறு விசை இருக்கும். வேறு சிலவற்றில் பெட்டியை அணைத்துவிட்டு, குறிப்பிட்ட ஒரு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். எந்தப் பொத்தான் என்பது உடன் வரும் கையேட்டில் இருக்கும். படியை மாற்றும்போது, முன்பே பதித்து வைத்த நிலையங்கள் பல பெட்டிகளில் அழிந்துவிடும் என்பதால் அவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு தொடங்குவது நலம். பண்பலையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் நிலையங்கள் 101.3, 101.5 என ஒற்றைப்படைத் தசமத்தில் நிற்கும். அந்தப் படியிலேயே விட்டுவிட்டால் தர்மபுரியின் 102.5 அகப்படும், சென்னையின் 101.4 அகப்படாது.

பேரன் கையேட்டைப் பார்த்து 9-க்கு மாற்றினான். பெட்டியைத் தானே இயக்காமல் தாத்தாவின் கையில் கொடுத்தான். 918, 927, 936. அவர் விரலை எடுத்தார். இரவு எட்டரை மணி இருக்கும், திருச்சி வந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒலியைச் சற்றுக் கூட்டி, பெட்டியைச் சீட்டின்மேல் வைத்தார். மூத்த மகன் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

பிறகு பேச்சு வளர்ந்தது. பேரன் தன் உரிமத்தின் கீழ் வைத்திருந்த கைக்கருவியைக் கொண்டுவந்து காட்டினான். அது அலைவரிசைகளைத் தானே ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, குரல் உள்ள இடத்தில் நிற்கும், ஸ்கேனர் என்பர். அதில் படியை நாமே விரும்பியபடி அமைத்துக்கொள்ளலாம். அமைப்பதற்கு மூன்று எண்கள் வேண்டும்: தேடலின் தொடக்கம், முடிவு, படி. பலர் படியை மட்டும் சரியாக வைத்துவிட்டுத் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள் என்றான் அவன்.

பங்குத் திருவிழாவில் தேர்ப்பவனியை ஒழுங்குபடுத்தும் இளைஞர்கள் கையில் வைத்திருக்கும் சிறு வாக்கி டாக்கிகளை எடுத்துக்கொள்வோம். குறைந்த ஆற்றல் கொண்ட இத்தகைய கருவிகளுக்கென 446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையைத் தனி உரிமமின்றிப் பயன்படுத்த நம் அரசு 2018-ஆம் ஆண்டு விதிகளால் இடமளித்துள்ளது. இதில் தடங்களுக்கு இடையே 12.5 கிலோ ஹெர்ட்ஸ். ஆனால் முதல் தடம் 446.000-இல் இல்லை; 446.00625-இல் இருக்கிறது. தேடலை 446.000-இல் தொடங்கி 12.5 படியில் நடத்தினால் கருவி 446.0125, 446.025 என்று செல்லும். ஒவ்வொரு முறையும் இரண்டு தடங்களுக்கு நட்டநடுவே கால் வைக்கும்! இரு அறைகளுக்கு நடுவேயுள்ள சுவரின்மேலேயே நடந்து போவது போலாகும். 446.00625-இல் தொடங்கினாலோ, அதே 12.5 படியில் 446.19375 வரை 16 தடங்களையும் ஒன்றுவிடாமல் தொட்டுச் செல்லும்.

இதைக் கேட்ட பெரியவர் நகைத்தார். “இதுவும் தெரிந்ததுதான். இங்கிலீஷ் சைஸுக்கும் அமெரிக்கன் சைஸுக்கும் படி ஒன்றுதான், ஆரம்பம் வேறு. அதனால்தான் ஆண்கள் ஷூவில் இங்கிலீஷ் 7 என்பது அமெரிக்காவில் 8 ஆகிறது” என்றார். ஒரு மாதத்துக்குப் பின் அவர் நகைத்ததை அன்றுதான் கண்டதாக மருமகள் பின்னர் கூறினார்.

அப்படியானால் படியை மிகச் சிறிதாக வைத்துவிட்டால் எதுவும் தப்பாதே என்று நாம் கேட்டோம். தப்பாது, ஆனால் காலம் தப்பிவிடும் என்றான் பிள்ளை. 88 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள பண்பலையை 100 கிலோ ஹெர்ட்ஸ் படியில் தேடினால் 201 இடங்கள். 5 கிலோ ஹெர்ட்ஸ் படியில் தேடினால் 4,001 இடங்கள். நொடிக்கு 50 இடம் பார்க்கும் கருவி என்று வைத்துக்கொண்டால் முன்னது நான்கு நொடி, பின்னது எண்பது நொடி. இருவழிப் பேச்சில் ஒருவர் இரண்டு சொல் சொல்லி முடித்துவிடுவார். கருவி வேறெங்கோ தேடிக்கொண்டிருக்கும். அது மட்டுமன்று. வலுவான நிலையத்தின் ஓரத்திலேயே குரலென்று எண்ணி நின்றுவிடும். பெரிய படி வைத்தால் குரலைத் தாண்டிவிடும். மிகச் சிறிய படி வைத்தால் ஓரத்தில் கிடக்கும் இரைச்சலையும் குரலென்று கொள்ளும். பேசுபவர் எந்தப் படியில் நிற்கிறாரோ அந்தப் படியே கேட்பவருக்கும் வேண்டும்.

இங்கே பெற்றோர்க்கு ஒரு சொல். பொது ஒலிபரப்பைக் கேட்கும் வானொலிக்கு இன்று உரிமம் தேவையில்லை. ஆனால் காவல் துறை முதலியோரின் பேச்சைத் தேடிப் பிடிக்கவல்ல கருவிகளை உரிய அனுமதியின்றி வைத்திருப்பது சட்டத்துக்கு மாறானது. கேட்க முடிவதெல்லாம் நாம் கேட்கத் தக்கவை அல்ல. பிள்ளைகளுக்கு இதில் ஆர்வமிருந்தால், முறையாகத் தேர்வெழுதி அமெச்சூர் உரிமம் பெற ஊக்குவியுங்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, அங்கே சென்றிருந்த அமெச்சூர் வானொலி அன்பர்களே தொடர்பற்றுப்போன தீவுகளிலிருந்து நலச் செய்திகளைக் கொண்டுவந்து சேர்த்தனர். திருவிழாவுக்கென வாக்கி டாக்கி வாங்கும் இளைஞர் குழுவினரும், அது மேற்சொன்ன 446 அலைவரிசையில் இயங்குவதா, அரசின் ஒப்புதல் பெற்றதா என்று பார்த்தே வாங்குங்கள். விதிக்குப் புறம்பானவை இணையக் கடைகளில் விற்கப்பட்டமையால், 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென நெறிமுறைகளே வெளியிட நேர்ந்தது.

நாம் விடைபெற்றபோது மூத்த மகன் பேருந்து நிலையம் வரை உடன் வந்தார். வழியில் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்பா 936 என்று முதல் நாளே சொன்னார். நான் எண்ணைப் பார்க்கவில்லை, அவர் வயதைப் பார்த்தேன்” என்றார். நாம் மறுமொழி சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அன்பர்களே, நம் வீடுகளிலும் சென்னை போல் எளிதில் பொருந்தும் குரல்கள் சில உண்டு. அவற்றைக் கேட்டுப் பழகிய நாம், பொருந்தாத குரலைப் பழுது என்கிறோம், மறதி என்கிறோம், பிடிவாதம் என்கிறோம். வீட்டில் ஒருவர், “இங்கே ஒரு குரல் இருக்க வேண்டும், காணோம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னால், அவரைச் சோதிக்குமுன் ஒருமுறை அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் கையாலேயே தேடச் சொல்லிப் பார்ப்போம். மாற்ற வேண்டியது ஒரே ஓர் எண்ணாகவும் இருக்கலாம்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.